ஆறு சிங்கிள் ஓட்டினால் பத்தாயிரம் அடி: ஓய்வுபெறப் போகும் ஓட்டுநர் வாங்கிய ஸ்மார்ட் வாட்ச்

கட்டிய முதல் நாளே இந்த வாட்ச் என்னை வாழ்த்தியது. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன், இடது மணிக்கட்டு கிர்ரென்று அதிர்ந்தது. பார்த்தால் திரையில் பட்டாசு வெடிக்கிறது, பக்கத்தில் ஒரு கோப்பை. இன்றைய இலக்கான 8,000 அடியை நான் நடந்து முடித்துவிட்டேனாம். விடியற்காலை 5 மணிக்கு சீட்டில் உட்கார்ந்தவன், டீக்கு இரண்டு தடவை, ஒண்ணுக்கு ஒரு தடவை இறங்கியதோடு சரி. "என்னண்ணே, உக்காந்துக்கிட்டே நடந்துட்டீங்களா?" என்று கண்டக்டர் தம்பி சிரித்த சிரிப்பு பழனி போய்ச் சேரும்வரை ஓயவில்லை.

திண்டுக்கல் பக்கம் அரசு பஸ் ஓட்டுகிறேன். 27 வருட சர்வீஸ். வரும் மே 31-ஆம் தேதியோடு 60 முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் சேர்ந்தபோது ஓய்வு வயது 58. 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. இரண்டு வருடம் போனஸாகக் கிடைத்தது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். முதுகு மட்டும் சந்தோஷப்படவில்லை.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது, "ரிட்டையர் ஆகுறதுக்குள்ள ஏதாவது டார்கெட் வச்சுக்கோங்கப்பா" என்று 2,199 ரூபாய்க்கு இதை ஆர்டர் போட்டுக் கொடுத்தான். அவன் சொல்வது ஸ்மார்ட் பேண்ட். எனக்கு பேண்ட் என்றால் காக்கி பேண்ட்தான் நினைவுக்கு வருகிறது, ஆகவே வாட்ச் என்றே எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் டிப்போவிலேயே மூன்று பேர் வேறு வேறு கம்பெனி வாட்ச் கட்டியிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்துவிட்டேன், இந்த விலையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

டார்கெட் எனக்குப் புதிது இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாய் என்று கே.எம்.பி.எல். கணக்கை வைத்துத்தான் இத்தனை வருடம் எங்களை அளந்தார்கள். சோதனை போடாமல் எந்தக் கருவியையும் நம்பக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான். ஆகவே இதற்கும் சோதனை போட்டேன்.

திண்டுக்கல்–பழனி ஒரு சிங்கிள், அதாவது ஒரு வழிப் பயணம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு டூட்டிக்கு ஆறு சிங்கிள். வாட்ச்சை இடது கையில் கட்டி முழு டூட்டியும் ஓட்டினால் 10,000 அடிக்கு மேல் காட்டுகிறது. வலது கைக்கு மாற்றினேன், 6,200. காரணம் எளிது. இது கால் வைப்பதை எண்ணுவதில்லை, கை ஆட்டத்தைத்தான் எண்ணுகிறது. உள்ளே இருக்கும் சின்னச் சில்லு, கை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் அசைந்தால் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் வண்டியில் கியர் ராடு இடது பக்கம். அதைப் பிடித்தாலே கை நடுங்கும், அந்த நடுக்கமெல்லாம் அடியாகிவிடுகிறது. சரி என்று கழற்றி டிபன் பைக்குள் போட்டு, பையை சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினேன். பை 1,100 அடி நடந்திருந்தது.

கார் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் டூ வீலரில் மேடு பள்ளச் சாலையில் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், மாவு பிசைகிறவர்கள், கையை ஆட்டி வேலை பார்க்கும் யாரும் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொரு கூத்து. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் 'எழுந்து நில்லுங்கள்' என்று ஒரு ஆள் படம் போட்டு அதிரும். ரெட்டியார்சத்திரம் தாண்டி 60-இல் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னால் நின்றபடி வரும் பயணிகளையும் சேர்த்து 70 பேர், இது எழுந்து நிற்கச் சொல்கிறது. அன்றே அதை அணைத்து வைத்தேன். ஓட்டுநர்கள் வாங்கினால் முதல் வேலையாக இதை அணைத்துவிடுங்கள்.

ஆனால் படுத்த பிறகு அது சொன்னதுதான் மனதில் ஓடியது. ஒரு கணக்குப் போட்டோம், மகனும் நானும். 27 வருடத்தில் ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். நிலாவுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பிய தூரம் என்றான் மகன். அவ்வளவும் உட்கார்ந்தபடி. சேரும்போது என் காக்கி பேண்ட் இடுப்பு 32. இப்போது 40.

அவன்தான் போனில் ஒரு பழைய ஆராய்ச்சியைத் தேடிக் காட்டினான். எங்களை வைத்தே ஆராய்ந்ததுபோல இருந்தது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், அந்த ஊர் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே தெரு. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் கூடுதல், வந்தவர்கள் பிழைப்பதும் குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை அறிவியல் முறைப்படி காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று அதுதானாம். 1956-இல் அவர் இன்னொன்றும் செய்தார்: யூனிஃபார்ம் தைத்த அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேண்ட் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிது. என் 40 இஞ்ச் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மோரிஸ் 2009-இல் இறக்கும்போது வயது 99.

இதைக் கண்டக்டர் தம்பியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நான் நூறு வரைக்கும் இருப்பேண்ணே" என்றான். நம் ஊர் பஸ்ஸில் மாடி ஏது, கூட்டத்தில் இரண்டு பக்கமும் இடிபட்டு முன்னும் பின்னும் போவதுதான் அவன் மாடிப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் டைரியை எடுத்தேன். ஓய்வுபெறும் எல்லாரும் பணக் கணக்கு எழுதுவார்கள். பணிக்கொடை வந்தால் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவது என்று வீட்டில் ஏற்கனவே முடிவாகிவிட்டது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம் என்பது எங்கள் தொகைக்குத் தாராளம். அது மனைவியின் இலாகா. நான் எழுதியது வேறு. மூன்றே வரி. ஒன்று, பழனி மலை 693 படியை உட்காராமல் ஏற வேண்டும். இரண்டு, அடுத்த தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு நடந்து போக வேண்டும், முப்பது கிலோமீட்டர் வரும். மூன்று, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும்.

பழனிக்கு எத்தனையோ ஆயிரம் பேரைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். தைப்பூசக் காலத்தில் இடது ஓரமாகப் பச்சை வேட்டி கட்டி, கால் கொப்பளத்தோடு நடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஹெட்லைட்டைத் தாழ்த்தியே ஓட்டியிருக்கிறேன். நான் படி ஏறிப் பத்து வருடம் ஆகிறது. ஏறின கடைசி மூன்று தடவையும் இழுவை ரயில்தான். டூட்டியில் போனால் ஸ்டாண்டோடு சரி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

இந்த மூன்றுக்கும் வாட்ச் என்ன செய்தது என்பதுதான் இனி விமர்சனம்.

முதலில் அந்த இலக்கு எண். 8,000 என்று கம்பெனியே வைத்துத் தருகிறது, ஆப்பில் 10,000 ஆக்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த ஒரு கட்டுரை, 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் நடந்தால் ஆயுள் கணக்கில் பெரிதாகக் கூடுவதில்லை என்கிறது. நான் 6,500 என்று மாற்றி வைத்தேன். அதுவும் ஓய்வு நாளில் மட்டும். டூட்டி நாளில் வாட்ச் வீட்டில், சார்ஜர் பக்கத்தில்.

அடுத்தது தூரம். சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல்லை நம்பிப் பிழைத்தவன் நான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடந்து மனதுக்குள் எண்ணினேன்: 1,480 அடி. வாட்ச் 1,476 என்றது. நிஜமாகவே நடந்தால் எண்ணிக்கை பிசகவில்லை, அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் தூரம் 1.12 கிலோமீட்டர் என்று காட்டியது. உயரத்தை வைத்து, நாம் எடுத்து வைக்கும் ஒரு எட்டு இவ்வளவு நீளம் இருக்கும் என்று அதுவாக ஒரு கணக்குப் போடுகிறது. என் எட்டு அவ்வளவு நீளம் இல்லை, சீட்டில் மடங்கியே இருந்த கால். ஆப்பில் எட்டு நீளத்தைக் கையால் மாற்ற வழி இருக்கிறது, 67 சென்டிமீட்டர் என்று போட்டதும் சரியாகிவிட்டது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், முப்பது கிலோமீட்டர் நடந்துவிட்டேன் என்று வாட்ச் சொல்லும் இடத்தில் பழனிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் பாக்கி இருந்திருக்கும்.

இரத்த அழுத்தம் காட்டும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். ஒருநாள் காலையில் வாட்ச் 118/78 என்றது. அன்றைக்கே எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள்: 152/94. நர்ஸம்மா திரும்ப ஒரு தடவை பார்த்தார், 150/94. தோலில் பச்சை விளக்கு அடித்து இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி நாடித்துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லும். அழுத்தத்தை ஊகித்துத்தான் சொல்கிறது. இதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும்? என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. அடுத்த மாதத்திலிருந்து அதே பையில் என் பிரஷர் மாத்திரையும் சேர்ந்துவிட்டது. வாட்ச்சில் அந்தப் பக்கத்தையே திரையிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த ஒன்றுக்காகவே இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன்.

நாடித்துடிப்பு மட்டும் உண்மையிலேயே உதவியது. டிசம்பரில் முதல் தடவை படி ஏறப் போனேன். மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2023 அக்டோபரிலிருந்து தடை. போனை அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறினேன். போன் இல்லாமலே வாட்ச் தன் பாட்டுக்குக் குறித்து வைத்துக்கொண்டது, கீழே வந்து இணைத்ததும் எல்லாம் ஆப்பில் ஏறியது. நல்ல விஷயம். இடும்பன் கோயில் திருப்பம் வருவதற்குள்ளேயே இரண்டு தடவை உட்கார்ந்தேன். மொத்தம் பதினோரு தடவை. ஒரு இடத்தில் வாட்ச் 158 காட்டியது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உத்தேச உச்சம், எனக்கு 161. வண்டி பாஷையில் சொன்னால் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பயந்துபோய் உட்கார்ந்தேன். பக்கத்தில் மொட்டை போட்ட ஒரு அம்மா, "தண்ணி குடிங்க, முருகன் எங்கயும் போயிர மாட்டான்" என்றார்.

அன்றைக்கு வாட்ச் எண்ணிய படி எத்தனை தெரியுமா? 412. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறியிருக்கிறேன். கை ஆடவில்லை, ஆகவே நான் நடக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் பத்தாயிரம், மலை ஏறினால் 412.

இறங்கும்போது யானைப்பாதையில் வந்தேன். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். சரிவாக இருப்பதால் அந்தப் பாதை முட்டிக்கு இதம்.

மூன்றாவது வரி, தரையிலிருந்து எழுவது. இதில் வாட்ச்சுக்கு எந்த வேலையும் இல்லை. முட்டி வலிக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது பிசியோதெரபி பெண் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது பார்க்கலாம் என்றார். ஒன்பது. 60 முதல் 64 வயது ஆண் பதினாலுக்குக் கீழே எடுத்தால் கால் பலம் குறைவு, விழும் அபாயம் உண்டு என்று ஒரு அட்டவணையைக் காட்டினார். நடையால் மட்டும் தசை சுருங்குவது நிற்காது ஐயா, பாரம் கொடுக்க வேண்டும், வாரம் இரண்டு நாளாவது, என்றார். அதிலிருந்து வீட்டு மர நாற்காலிதான் என் ஜிம். பல் விளக்கியதும் பத்து, சாப்பாட்டுக்கு முன் பத்து. மனைவி, "நாற்காலி ஒடஞ்சா புதுசு நீங்கதான் வாங்கணும்" என்கிறாள். போன வாரம் முப்பது விநாடியில் பதினைந்து. இதற்கு ஆன செலவு ஒரு பைசா இல்லை; 2,199 ரூபாய் வாட்ச்சில் இதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. டைரியில் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பேட்டரி 14 நாள் என்று போட்டிருக்கிறது, எனக்கு 9 நாள் வருகிறது; எல்லா வேடிக்கையையும் அணைத்தால் 12. மதிய வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, கையால் நிழல் கட்டிப் பார்க்க வேண்டும். கூடவே வரும் ரப்பர் பட்டை வியர்வையில் அரிக்கிறது, 150 ரூபாய்க்குத் துணிப்பட்டை வாங்கி மாற்றினேன். தூக்கக் கணக்கு எங்கள் ஆட்களுக்கு உதவாது. மூன்று மணிக்கு எழுந்து, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினால், அந்த மதியத் தூக்கத்தைச் சில நாள் கணக்கில் சேர்க்கும், சில நாள் சேர்க்காது. காலையில் 'உங்கள் தூக்கம் மோசம்' என்று வேறு திட்டும். பட்டைக் கொக்கி ஒடிந்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், கொக்கி வாரண்டியில் வராது என்று அரை நாள் உட்கார வைத்துச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் கை ஆடாததால் அடி எதுவும் ஏறவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன்.

வாங்கலாமா என்று டிப்போவில் கேட்கிறார்கள். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். ஓய்வு நாளில் நடக்கவும், ஏறும்போது நாடியைப் பார்க்கவும் ஒரு துணை வேண்டும் என்றால் வாங்கலாம். டார்கெட்டை அது வைக்கட்டும் என்று வாங்கினால் காசு தண்டம். கே.எம்.பி.எல்.லை டிப்போ வைத்தது, 8,000-ஐக் கம்பெனி வைத்தது; 693 மட்டும்தான் நானே எடுத்த எண், அதற்காகத்தான் நாலு மணிக்கு எழத் தோன்றுகிறது.

போன பௌர்ணமிக்கு மறுபடி ஏறினேன். மூன்று தடவை நின்றேன், உட்காரவில்லை. நாடி அதிகபட்சம் 139. இந்தத் தடவை வேண்டுமென்றே கம்பியைப் பிடிக்காமல் கையை வீசி ஏறினேன். வாட்ச் 671 காட்டியது. பரவாயில்லை, 22 படி முருகனுக்குத் தள்ளுபடி.

மே 31 கடைசி டூட்டிக்கு மட்டும் இதைக் கையில் கட்டிக்கொண்டு ஓட்டப்போகிறேன், இடது கையில். கண்டக்டர் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். ஆறாவது சிங்கிள் முடிந்து வண்டியை டிப்போவில் விடும்போது எத்தனை அடி காட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பொய்க் கணக்கை அப்படியே டைரியில் எழுதி வைக்க வேண்டும்.